துடிப்பு வழிக்கு வரும்வரை



சென்ற மாதம் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தேன். எழுதியவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தை மாதத்தில் ஒருநாள் காலை, வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தபோது நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியதாம். மாசி போய்ப் பங்குனி பிறந்தும் அது அடங்கவில்லை. இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆகிவிட்டன. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று பெயர் சொல்லி, இரண்டு மூன்று மாத்திரைகள் எழுதித் தந்து, 'பயப்பட ஒன்றுமில்லை, பார்ப்போம்' என்றிருக்கிறார் மருத்துவர். வீட்டில் எல்லோரும் 'நல்லாத்தானே இருக்கீங்க' என்கிறார்கள். "எனக்கு மட்டும்தான் இது இருபத்துநாலு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சரியாகும்வரை பொழுதை எப்படித் தள்ளுவது என்று யாரும் சொல்லவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். ஆனால் இதே நோய் எனக்கும் உண்டு. ஒரு தடவை வந்தது வாரக்கணக்கில் போகாமல் உட்கார்ந்துகொண்டது. வெளியில் சொன்ன பிறகுதான், நம் அலுவலகத்துக்கு வந்து போகும் எழுத்தாளர்களிலும் அச்சகத்து நண்பர்களிலும் எத்தனை பேர் இதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று தெரிந்தது. நான் மருத்துவன் அல்ல. அனுபவித்தவன், அனுபவித்த காலத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன், அவ்வளவுதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் சைனஸ் நோடு என்ற சிறு திசு இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்சமிக்ஞை எழுப்பி இதயத்தை அடிக்க வைப்பது அதுதான். நூற்றாண்டுகளாக உடலை அறுத்துப் பார்த்த அறிஞர்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. 1906 கோடையில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில், மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் மண்ணுக்குள் வாழும் அகழெலி ஒன்றின் இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வழிகாட்டி ஆர்தர் கீத், வெயில் நாளாயிற்றே என்று மனைவியோடு செர்ரித் தோட்டங்கள் வழியாகச் சைக்கிளில் சுற்றப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மாணவர் பரபரப்பாகக் காட்டிய திசுதான் சைனஸ் நோடு. அடுத்த ஆண்டு இருவரும் அதை வெளியிட்டார்கள். அதே 1906இல், ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் இன்னொரு நிலையமான ஏ.வி. நோடைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். நமக்கு வருகிற தொல்லை இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிறது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் சைனஸ் நோடின் பேச்சு எடுபடாமல் போகிறது. மேலறைச் சுவரில் அங்கங்கே சமிக்ஞைகள் கிளம்பிச் சுழல்கின்றன. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை. அந்த வேகத்தில் மேலறையால் சுருங்கி விரிய முடியாது, வெறுமனே உதறிக்கொண்டிருக்கும். அத்தனை சமிக்ஞைகளும் கீழறைக்கு இறங்கினால் ஆளே மிஞ்ச மாட்டார். ஏ.வி. நோடு இறங்க விடுவதில்லை. வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறந்ததும் நெருக்குகிற கூட்டத்தைக் கயிறு கட்டி, மூச்சுவிட இடம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறார்களே, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. நானூறு பேர் முட்டினால் நூற்றிருபது, நூற்றைம்பது பேருக்குத்தான் வழி. யார் எப்போது நுழைவார் என்பதற்கு ஒரு முறை கிடையாது. கையைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு துடிப்பு ஒட்டி வரும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒன்று பலமாக, ஒன்று இருப்பதே தெரியாமல். இடைவெளி வரும்போது 'நின்றுவிட்டது' என்று தோன்றும். நிற்கவில்லை. அடுத்த சமிக்ஞை வாசலில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இது தெரிந்த பிறகு எனக்குப் பாதி பயம் போனது. மீதிப் பாதி போகாததற்குக் காரணம் ஆடுகள்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மௌரிட்ஸ் அலெஸ்ஸியும் அவருடைய குழுவினரும் ஆடுகளின் மேலறையில் செயற்கையாக இந்த உதறலைத் தூண்டிப் பார்த்தார்கள். முதலில் அது சில நொடிகளில் தானே அடங்கியது. அடங்கும்போதெல்லாம் கருவி மறுபடி தூண்டியது. ஓரிரு வாரத்தில் பெரும்பாலான ஆடுகளில் உதறல் ஒரு நாளைத் தாண்டியும் நிற்காமல் ஓடியது. 1995இல் வெளியான இந்த ஆய்வின் முடிவு, உதறலே அடுத்த உதறலுக்கு மேலறையைப் பழக்கிவிடுகிறது என்பது. முதல் தடவை ஒரு மணி நேரத்தில் போனது, அடுத்த தடவை ஒரு நாள் இருந்தது, இப்போது வாரமாகியும் போகவில்லை என்று நம்மில் பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஏழு நாளைத் தாண்டினால் 'நீடித்தது' என்று மருத்துவர்கள் வகை பிரிக்கிறார்கள். ஓர் ஆண்டைத் தாண்டினால் அதற்கும் ஒரு வகை உண்டு. ஆகவே 'தானாகப் போய்விடும், எதற்கு டாக்டர்' என்று மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பது சரியல்ல. அதே சமயம், ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓட வேண்டிய அவசரமும் பெரும்பாலும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

கையில் துடிப்பு எண்ணுவதைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது ஒரு தனி நோய். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கிளிப் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. போதாததற்குப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கைக்கடிகாரம் வேறு. 92, 118, 87, 131 என்று எண் மாறிக்கொண்டே இருக்கும், நாமும் பார்த்துக்கொண்டே இருப்போம். என் மனைவி ஒருநாள் கையை நீட்டினாள். "அந்தக் கிளிப்பை எங்கிட்ட குடுங்க. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை தர்றேன். நடுவுல கேக்கக் கூடாது." அந்த ஏற்பாடு எந்த மாத்திரைக்கும் குறையாமல் வேலை செய்தது. அந்தக் கருவிகள் இந்த நிலையில் முழுக்க நம்பத் தகுந்தவையும் அல்ல. பலவீனமான துடிப்புகள் விரல்வரை வந்து சேர்வதில்லை, அதனால் இதயம் அடிப்பதைவிடக் குறைவாகவே கருவி காட்டக்கூடும். வீட்டு பி.பி. மிஷினும் அடிக்கு அடி வேறு எண் சொல்லும். மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் வழக்கம்.

எண் 80இலா 100இலா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு இன்னொரு நெதர்லாந்துச் செய்தி. மேலறை உதறல் நிரந்தரமாகிவிட்ட 614 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு ஓய்வுத் துடிப்பை 80க்குக் கீழும், மற்றவர்களுக்கு 110க்குக் கீழும் வைத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது. கெடுதல் நேர்வதில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசமில்லை. உங்களுக்கு எது எல்லை என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டால், அதற்குள் ஏறி இறங்குவதை மறந்துவிடலாம்.

இரவுதான் பெரிய பாடு. இடப்பக்கம் சாய்ந்தால் துடிப்பு காதுக்குள் கேட்கும். இதயம் நெஞ்சுச்சுவரை ஒட்டி வருவதால் அப்படித் தெரிகிறது, கூடுதலாக ஒன்றும் நடந்துவிடவில்லை. வலப்பக்கம் திரும்பிப் படுங்கள், அல்லது தலையணையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நான் ரேடியோவைத் தணிவாக வைத்துக்கொண்டேன். துடிப்பு தொடங்கிய புதிதில் அடிக்கடி சிறுநீர் வருவதும் உண்டு. சர்க்கரை வந்துவிட்டதோ என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். மேலறை விரியும்போது சிறுநீரைத் தூண்டும் ஒரு ஹார்மோனை அதுவே சுரக்கிறது. இதயம் ஹார்மோனும் சுரக்கும் என்பது 1980களில்தான் உலகுக்கே தெரிந்தது.

களைப்பு உண்மையானது. மேலறை ஒத்துழைக்காதபோது ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் ரத்தம் குறைகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது சோம்பல் இல்லை. வீட்டிலிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். காய்ச்சலென்றால் தொட்டுப் பார்க்கலாம், கட்டுப் போட்டிருந்தால் கண்ணால் பார்க்கலாம். இதில் இரண்டும் கிடையாது. அம்மா முன்புபோல் ஒரே மூச்சில் இட்லிக்கு ஆட்டி, துணி மடித்து, பேரனைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் உட்கார்ந்துவிட்டால், 'இ.சி.ஜி.யில பெருசா ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களேம்மா' என்று நினைவுபடுத்துவதில் யாருக்கும் லாபமில்லை. வேலையில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். படுத்தே கிடக்கச் சொல்லவும் வேண்டாம். மருத்துவர் தடுக்காவிட்டால், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடப்பது நல்லது.

காபி? பலருடைய முதல் கேள்வி இதுதான், அதனால் சொல்லிவிடுகிறேன். அளவான காபி இந்த உதறலைக் கிளப்புகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஒத்துக்கொண்டால் காலை டிகாக்ஷனைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. மது அப்படியல்ல, அது நேரடிக் குற்றவாளி. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறும், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமும், உடல் எடையும் இதே பட்டியலில் வரும். தைராய்டையும் பார்க்க வேண்டும். 1991 மே மாதம், அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ்ஷுக்கு, கேம்ப் டேவிட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்கவே, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். தேடிப் பார்த்ததில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது.

இனி, இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. நம் கவனமெல்லாம் நெஞ்சில் இருக்கிறது, ஆனால் ஆபத்து மூளைக்கு. உதறிக்கொண்டிருக்கும் இடது மேலறையில், காது மடல் வடிவில் ஒரு சிறு பை உண்டு. ரத்தம் அங்கே தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்த துணுக்கு கிளம்பி மூளை ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு இருப்பவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1991இலேயே காட்டியது. படபடப்பு தெரிகிறவர், தெரியாதவர் என்ற பேதம் இதற்குக் கிடையாது.

அதனால்தான் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறார்கள். எல்லோருக்கும் அல்ல. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் என்று மதிப்பெண் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். நம்மவர்கள் முதலில் கைவிடுவது இந்த மாத்திரையைத்தான். சாப்பிட்டால் நெஞ்சுக்கு எந்தச் சுகமும் தெரியாது, விலையும் கூடுதல், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உடனே குணம் காட்டுவதால் அதன்மேல் பக்தி. 2002இல் வெளியான, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வில், துடிப்பை ஒழுங்காக்க மருந்து சாப்பிட்டவர்களும் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வாழ்ந்தார்கள். பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் இரு பக்கத்திலும் ஒரே இனம். உறைவு தடுக்கும் மருந்தை நிறுத்தியிருந்தார்கள், அல்லது அளவு போதாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துடிப்பு வழிக்கு வந்துவிட்டது என்பதற்காக நீங்களாக அதை நிறுத்தக் கூடாது. அதற்குப் பதில் ஆஸ்பிரின் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் போதாது.

இந்த மருந்துகளில் மூத்தது வார்ஃபரின். அமெரிக்காவின் விஸ்கான்சினில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்ததிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் பலன் அது. முதலில் எலிப் பாஷாணமாக விற்றார்கள். இந்தியாவில் அதே இனத்து அசிட்ரோமும் புழக்கத்தில் உண்டு. இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்து, அளவைப் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். கீரையை அடியோடு விலக்கச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். வாரம் எவ்வளவு முருங்கைக்கீரை சாப்பிடுவீர்களோ அதே அளவைக் கூட்டாமல் குறைக்காமல் சாப்பிடுங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். டாபிகட்ரான், அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதியவற்றுக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம், கீரைக் கணக்கும் வேண்டாம். ஆனால் ஒரு வேளை மறந்தாலும் பாதுகாப்பு சட்டென்று குறையும். நம் ஊரில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, இளவயதிலேயே இந்த உதறலுக்கு ஆளாகும் பெண்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்குப் பழைய வார்ஃபரின் வகையே மேல் என்று 2022இல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. பக்கத்து வீட்டு மாத்திரையைப் பார்த்து மாற்றிக் கேட்காதீர்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை, பல் பிடுங்குவது, நாட்டு மருந்து எதுவானாலும் 'நான் இந்த மாத்திரையில் இருக்கிறேன்' என்று முதலில் சொல்லுங்கள்.

துடிப்பைத் திருப்பும் வழிகளில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. 1912இல், புகழ்பெற்ற இதய மருத்துவர் கார்ல் வெங்கபாக்கிடம் ஒரு டச்சு வியாபாரி வந்தார். கணக்கு வழக்கெல்லாம் ஒழுங்காக வைத்துப் பழகியவராம், இதயமும் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றார். என்னால் உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் கைவிரித்தார். 'எனக்கே வழி தெரியும், நாளைக் காலை வருகிறேன்' என்று போனவர், சொன்னபடி சீரான நாடியோடு வந்து நின்றார். மலேரியாவுக்குச் சாப்பிடும் கொய்னாவில் ஒரு கிராம் விழுங்கியிருக்கிறார்! அதிலிருந்துதான் சில ஆண்டுகளில் கொய்னிடின் வந்தது. பிறகு அதே மருந்து வேறு ஆபத்தான துடிப்புகளைக் கிளப்புகிறது என்று தெரிந்து, பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. கதையை ரசிக்கலாம், வியாபாரியைப் பின்பற்றக் கூடாது.

இன்று வழிகள் கூடிவிட்டன. மயக்கம் கொடுத்து ஷாக் வைப்பதை 1962இல் முறைப்படுத்திய பெர்னார்ட் லோன், பின்னாளில் அணு ஆயுதத்துக்கு எதிராக மருத்துவர்களைத் திரட்டினார். அவர் இணைந்து நிறுவிய அமைப்புக்கு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஷாக் என்றதும் சினிமாவில் பார்த்ததை நினைத்து நடுங்க வேண்டாம். உதறல் தொடங்கி 48 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால், வழக்கமாக மூன்று வாரமாவது உறைவு தடுக்கும் மருந்து சாப்பிட்ட பிறகுதான் அதைச் செய்வார்கள், அல்லது உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து உறைவு இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். செய்த பிறகும் நான்கு வாரமாவது மருந்து தொடரும். மருத்துவர் தாமதிப்பதாக நினைத்துக் கோபப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நுரையீரலிலிருந்து வரும் சிரைகளின் வாயில்தான் பெரும்பாலான தொல்லை தொடங்குகிறது என்று பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேரின் குழு 1998இல் கண்டறிந்ததிலிருந்து, தொடை வழியாகக் குழாய் செலுத்திச் சுட்டுவிடும் அப்லேஷன் பரவியிருக்கிறது. உங்களுக்கு எது, எப்போது என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நோய் பழசாவதற்குள் கேட்பது நல்லது, ஆடுகளை நினைவில் வைத்து.

காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. நெஞ்சுவலி, மயங்கி விழுதல், படுத்தால் மூச்சு முட்டுதல், வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க வராமை, பேச்சு குழறுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் உறைவைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு, ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் 65 வயதைத் தாண்டியவர்களின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் நாடி பாருங்கள். தாத்தா, பாட்டி, மாமா, அத்தை யாரையும் விட வேண்டாம். பலருக்கு இந்தக் கோளாறு எந்தத் தொல்லையும் தராமலேயே இருக்கிறது, முதல் அறிகுறியே பக்கவாதமாகிவிடுகிறது. துடிப்பு முன்பின்னாக வந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஓர் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். எடுத்து முடிக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

அன்புடன்,
ஆசிரியர்